தைராய்டுக்கு எந்த டாக்டர்? கோயம்புத்தூர் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு கணக்கு

சம்பளம், வரி, இன்சூரன்ஸ் பேசுற இடத்துல தைராய்டு எதுக்குன்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்கு. ஆபீஸ்ல ஹெல்த் செக்கப் நடந்து ரிப்போர்ட் கைக்கு வர்ற வாரத்துல எனக்கு வர்ற மெசேஜ்கள் ஒரே மாதிரி இருக்கும். "சார், டிஎஸ்ஹெச் 6.8 வந்திருக்கு. சேலத்துல பெஸ்ட் தைராய்டு ஸ்பெஷலிஸ்ட் யாரு? இல்ல கோயம்புத்தூரே போயிடலாமா? மாசம் எவ்வளவு ஆகும்? இனிமே பாலிசி கிடைக்குமா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். எந்த மாத்திரை, எத்தனை மைக்ரோகிராம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு வேலைக்கு யாரை அமர்த்துவது, எப்போது பெரிய ஆளிடம் போவது, அதற்கு எவ்வளவு செலவாகும் என்ற கேள்விகள் என் தொழிலுக்குள் வருபவைதான்.

என் கருத்து இதுதான். "யார் பெஸ்ட்?" என்ற கேள்வியிலேயே தப்பு இருக்கு. "என் கேஸுக்கு யார் போதும், எந்தக் கட்டத்தில் யார் கட்டாயம் வேணும்?" என்றுதான் கேட்கணும். நம்ம பக்கம் இது தலைகீழாக நடக்குது. பக்கத்து தெரு டாக்டரே பார்க்கக்கூடிய சாதாரண ஹைப்போவுக்கு ஊர் ஊராக ஸ்பெஷலிஸ்ட் தேடி அலைகிறோம். ஸ்பெஷலிஸ்ட் கட்டாயம் பார்க்க வேண்டிய கேஸை "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். முதல் தப்பில் பணம் போகும். இரண்டாவதில் உடம்பு போகும்.

எத்தனை பேருக்கு இருக்கு?

2013-ல் வெளியான ஒரு ஆய்வு, சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பெரியவர்களைப் பரிசோதித்தது. அதில் சுமார் 11 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டிசம். அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குத் தனக்கு இருப்பதே அதுவரை தெரியாது. உங்க ஆபீஸ் ஃப்ளோர்ல ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தால், ஐந்தாறு பேருக்கு இது இருக்க வாய்ப்பு உண்டு.

இவ்வளவு பேரையும் எண்டோகிரைனாலஜிஸ்ட் ஒருவரே பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஃபார்ம் 16 மட்டும் வைத்திருக்கும் ஒருத்தர் ரிட்டர்ன் போடுவதற்கு ஹைகோர்ட் வரி வக்கீலைத் தேடிப் போவதில்லையே. நோட்டீஸ் வந்து, விவகாரம் அப்பீல் வரைக்கும் போனால் அப்போது அந்த வக்கீல் வேணும். டாக்டர் விஷயத்திலும் இதே கணக்குதான்.

போர்டில் இருப்பதைப் படிக்கத் தெரியணும்

சேலம் ஐந்து ரோடு, ஸ்வர்ணபுரி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் நடந்து பாருங்க. "சர்க்கரை மற்றும் தைராய்டு சிறப்பு மருத்துவர்" என்ற போர்டு கண்ணில் படும். "சிறப்பு" என்ற சொல்லை விட்டுவிட்டு, பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் படிங்க.

எம்.பி.பி.எஸ். என்றால் அடிப்படை மருத்துவப் பட்டம். எம்.டி. ஜெனரல் மெடிசின் என்றால் அதற்கு மேல் மூன்று வருடம் படித்த பொது மருத்துவர். நம்மில் பெரும்பாலோருக்கு இவர் போதும். டி.எம். எண்டோகிரைனாலஜி என்றால் எம்.டி.க்கும் மேல் இன்னும் மூன்று வருடம் ஹார்மோன் நோய்களை மட்டும் படித்தவர். தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.என்.பி. அல்லது டி.ஆர்.என்.பி. எண்டோகிரைனாலஜியும் அதே நிலையில் வருவது. இவர்தான் நீங்கள் தேடுகிற "தைராய்டு ஸ்பெஷலிஸ்ட்".

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு சர்க்கரை நோயில் குறுகிய கால டிப்ளமோ அல்லது ஃபெலோஷிப் செய்தவர்களும் இதே போர்டு வைக்கிறார்கள். அவர்களில் நல்ல அனுபவசாலிகள் உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்பெஷலிஸ்ட் ஃபீஸ் கொடுக்கும்போது எந்தப் படிப்புக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கணும், அவ்வளவுதான்.

ஆபரேஷன் என்று வந்தால் அது வேறு ஆள். எண்டோகிரைன் சர்ஜரியில் எம்.சி.ஹெச். முடித்தவர்கள் இருக்காங்க, சென்னை மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறையே தனியாக இருக்கு. ஜெனரல் சர்ஜன்களும், இ.என்.டி. சர்ஜன்களும் தைராய்டு ஆபரேஷன் செய்கிறார்கள். இங்கே பட்டத்தை விட ஒரு கேள்வி முக்கியம்: "வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் பண்றீங்க டாக்டர்?" அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், வருடத்துக்கு 25-க்கு மேல் செய்யும் சர்ஜன்களிடம் சிக்கல்கள் குறைவாக இருந்தன. குரல் நரம்பும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் குட்டிச் சுரப்பிகளும் தைராய்டை ஒட்டியே இருக்கு. அதனால் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

சரிபார்ப்பது எப்படி? பதிவு எண்ணை க்ளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், ரசீதிலும் டாக்டர் காட்ட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. அந்த எண்ணையோ பெயரையோ தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் தளத்திலோ, தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ போட்டுத் தேடலாம். காசு கேட்க மாட்டாங்க. ஒரு மியூச்சுவல் ஃபண்ட் வாங்குவதற்கு முன் பத்து வீடியோ பார்க்கிற நாம், இதுக்கு ரெண்டு நிமிஷம் ஒதுக்கலாம்.

யாருக்குப் பொது மருத்துவர் போதும்?

வயது வந்தவர், கர்ப்பம் இல்லை, கழுத்தில் கட்டி இல்லை. டிஎஸ்ஹெச் கூடியிருக்கு, டி4 குறைந்திருக்கு. இது சாதாரண ஹைப்போ. மருந்து லெவோதைராக்ஸின். அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. ஒரு நாள் மாத்திரை பஸ் ஸ்டாண்டில் குடிக்கும் ஒரு டீயை விட விலை குறைவு. டோஸ் மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டெஸ்ட். அளவு நிலைத்துவிட்டால் ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒரு முறை. இதைச் செய்ய ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ உங்க குடும்பத்தைத் தெரிந்த ஒரு எம்.டி. போதும்.

நல்ல பொது மருத்துவரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல் தடவை போகும்போதே அவர் என்ன செய்கிறார் என்று கவனிங்க. கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறாரா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று கேட்கிறாரா? பெண்ணாக இருந்தால் மாதவிடாய், குழந்தை பெறும் திட்டம் பற்றிக் கேட்கிறாரா? அடுத்த டெஸ்ட் எப்போது, எது மட்டும் எடுக்கணும் என்று சீட்டில் எழுதுகிறாரா? "இது என் கையில் இல்லை, ஸ்பெஷலிஸ்ட்டைப் பாருங்க" என்று தயங்காமல் சொல்கிறாரா? இந்தக் கடைசிக் குணம் இருக்கிற டாக்டரை விட்டுடாதீங்க.

ஓரளவு மட்டும் கூடிய டிஎஸ்ஹெச், அதாவது 5, 6, 7 என்று வந்து டி4 நார்மலாக இருந்தால், ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஆயுசுக்கும் மாத்திரை எழுதும் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்க: "ரெண்டு மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணலாமா?" டிஎஸ்ஹெச் நேரத்துக்கு நேரம் மாறும், காய்ச்சல் வந்து தேறிய பிறகும் மாறும். 2019-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வல்லுநர் பரிந்துரையே, இந்த எல்லைக்கோட்டு நிலையில் பெரும்பாலான பெரியவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை தர வேண்டாம் என்கிறது. ஆனால் கர்ப்பத்துக்கு முயற்சி செய்யும் பெண்கள், கடுமையான அறிகுறி உள்ளவர்கள், டிஎஸ்ஹெச் 20-ஐத் தாண்டியவர்கள், முப்பது வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கு. நம்ம வாசகர்களில் பலர் அந்த வயதுதான். அதனால் யூடியூப் பார்த்து நீங்களே முடிவெடுக்காமல், டாக்டரிடம் இந்தக் கேள்வியை மட்டும் எடுத்துட்டுப் போங்க.

இன்னொரு விஷயம், முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு. பயோட்டின் சில லேப் டெஸ்ட்களின் முடிவையே மாற்றிவிடும் என்று அமெரிக்க எஃப்டிஏ 2017-ல் எச்சரித்தது. தைராய்டு டெஸ்டும் அதில் மாட்டும். இல்லாத ஹைப்பர் இருப்பது போல ரிப்போர்ட் வரலாம். ரத்தம் கொடுப்பதற்கு முன் டாக்டரிடமும் லேபிலும் பயோட்டின் பற்றிச் சொல்லுங்க. இல்லாவிட்டால் இல்லாத நோய்க்கு ஸ்பெஷலிஸ்ட் தேடி அலைய வேண்டி வரும்.

யார் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போயே ஆகணும்?

இங்கே நான் சிக்கனம் பேசவே மாட்டேன். இந்தப் பட்டியலில் நீங்கள் இருந்தால் ஃபீஸ், தூரம், லீவு எதையும் பார்க்காதீங்க.

ஒன்று, ஹைப்பர். எடை குறையுது, நெஞ்சு படபடக்குது, கை நடுங்குது, டிஎஸ்ஹெச் அடியில் இருக்கு. இதற்கு க்ரேவ்ஸ் நோய் காரணமாக இருக்கலாம். தைராய்டில் வந்த தற்காலிக வீக்கமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தற்காலிக வீக்கத்துக்கு க்ரேவ்ஸ் மாத்திரை உதவாது. அந்த மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் உண்டு. அனுபவம் உள்ளவர் கையில் இருக்க வேண்டிய நோய் இது.

இரண்டு, கர்ப்பம். ஏற்கெனவே ஹைப்போ மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பமானால் ஹார்மோன் தேவை கூடும். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் ஹார்மோன்தான் கிடைக்குது. கர்ப்பம் உறுதியான அந்த வாரமே டாக்டரைப் பார்க்கணும். "மாசமா இருக்கும்போது மாத்திரை ஆகாது" என்று வீட்டுப் பெரியவங்க சொன்னதை நம்பித் தானாக நிறுத்துவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய ஆபத்து.

மூன்று, கழுத்தில் கட்டி, குரல் மாற்றம், விழுங்கச் சிரமம். நான்கு, கண் வெளியே தள்ளுவது. ஐந்து, குழந்தைகள். ஆறு, டிஎஸ்ஹெச், டி4 இரண்டுமே குறைவாக இருப்பது. கோளாறு தைராய்டில் இல்லாமல் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரியில் இருக்கலாம். ஏழு, மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டும் ஆறேழு மாதமாக அளவு நிற்காமல் ஆடுவது.

ஏழாவதுக்கு ஒரு அடிக்குறிப்பு. ஸ்பெஷலிஸ்ட்டிடம் போவதற்கு முன் உங்க சமையலறையைப் பாருங்க. மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரில், காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி. ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மாத்திரையையும் ஃபில்டர் காபியையும் ஒன்றாக உள்ளே தள்ளினால், ஆயிரம் ரூபாய் ஃபீஸ் வாங்கும் டாக்டரும் இதையேதான் சொல்லி அனுப்புவார்.

எங்கே போவது?

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஒரு எம்.டி. டாக்டர் பார்க்கணும், ரத்த டெஸ்ட் எடுக்கணும் என்ற அளவுக்கு இனி நாமக்கல்காரங்க மாவட்டம் தாண்ட வேண்டியதில்லை. டயக்னாஸிஸ் குழப்பமாக இருக்கு, கட்டி இருக்கு, ஆபரேஷன் சொல்றாங்க என்றால் வேலூர் சி.எம்.சி. மாதிரி எண்டோகிரைனாலஜியும் எண்டோகிரைன் சர்ஜரியும் இருக்கும் இடத்துக்கு ஒரு முறை போய் வருவது நியாயமான செலவு.

"ஒரு முறை" என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்பெஷலிஸ்ட்டிடம் டயக்னாஸிஸும் திட்டமும் எழுதி வாங்கிக்கொண்டு, "எங்க ஊர் டாக்டர்கிட்டயே தொடரலாமா? எந்த நிலைமையில திரும்ப வரணும்?" என்று கேளுங்க. நல்ல ஸ்பெஷலிஸ்ட் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வீடு ஆத்தூர், வேலை ஓசூர் அல்லது பெங்களூரு என்று இருக்கிறவங்களுக்குத் தனிச் சிக்கல். அங்கே ஒரு டாக்டர் 50 எழுதுவார். தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் இங்கே ஒருத்தர் 75 ஆக்குவார். பிராண்டும் மாறும். ரெண்டு சீட்டு இருந்தால் யாருடைய பொறுப்பு? ஒரே டாக்டர், முடிந்தவரை ஒரே லேப், ஒரே பிராண்ட். வருடத்துக்கு இரண்டு முறைதான் பார்க்கப் போறீங்க என்பதால் சொந்த ஊர் டாக்டரே வசதி.

இப்போ கணக்கு

கீழே இருப்பவை நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்குங்க. சம்பளம் 30,000, அதாவது ஒரு நாள் 1,000 ரூபாய். அளவு நிலைத்துவிட்ட சாதாரண ஹைப்போ.

வழி ஒன்று: ஊர் எம்.டி. டாக்டர், வருடத்துக்கு இரண்டு முறை, தலா 400 ரூபாய் என்றால் 800. டிஎஸ்ஹெச் மட்டும் இரண்டு முறை, தலா 300 என்றால் 600. மாத்திரை நாளுக்கு 2 ரூபாய் என்றால் 730. மொத்தம் 2,130.

வழி இரண்டு: வெளியூர் ஸ்பெஷலிஸ்ட், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஃபீஸ் 1,000 வீதம் 6,000. ஒவ்வொரு முறையும் முழு தைராய்டு ப்ரொஃபைல் 1,200 வீதம் 7,200. பஸ், சாப்பாடு 800 வீதம் 4,800. ஆறு நாள் லீவு 6,000. மாத்திரை அதே 730. மொத்தம் 24,730.

வித்தியாசம் 22,600 ரூபாய். மாதம் சுமார் 1,880. மாத்திரை அதே, டோஸும் அதே, டிஎஸ்ஹெச்சும் அதே. புதிதாகக் கண்டுபிடித்த முதல் வருடத்தில் டெஸ்ட் கொஞ்சம் அதிகம் ஆகும், அது நியாயம். ஆனால் நிலைத்த பிறகும் வருடத்துக்கு ஆறு முறை அலைவது பழக்கம்தானே தவிர வைத்தியம் இல்லை.

டெஸ்ட் பேக்கேஜும் அப்படித்தான். தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி டெஸ்ட் ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் பொதுவாகத் திரும்பத் திரும்ப எடுக்கத் தேவையில்லை. அறிகுறியே இல்லாதவர் "எதுக்கும் இருக்கட்டும்" என்று கழுத்து ஸ்கேன் எடுப்பதிலும் ஆபத்து உண்டு. தென் கொரியாவில் செக்கப்போடு சேர்த்துக் கழுத்து ஸ்கேனும் பரவியது. 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறிதல் 1993-ஐப் போலப் பதினைந்து மடங்கானது. ஆனால் அந்த நோயால் இறப்பவர்கள் எண்ணிக்கை மாறவில்லை. தொந்தரவே தராத குட்டிக் கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் கழுத்தை அறுத்துக்கொண்டார்கள். 2014-ல் அங்கே டாக்டர்களே இதை எதிர்த்துப் பேசிய பிறகுதான் ஆபரேஷன்கள் குறைந்தன. ஆஃபர் விலையில் கிடைக்குது என்பதற்காக ஸ்கேன் எடுக்காதீங்க. கட்டி தட்டுப்பட்டால் மட்டும் தாமதிக்காதீங்க.

ஏற்கெனவே கட்டிய பணத்தை மறக்காதீங்க

மொத்த சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் உங்க சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்குப் போகுது, கம்பெனி 3.25 சதவீதம் கட்டுது. மில், பஸ் பாடி கட்டும் பட்டறை, ஹேச்சரி, தனியார் பள்ளி என்று நம்ம பக்கம் நிறையப் பேர் இதில் இருக்கோம். இ.எஸ்.ஐ.யில் வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் உண்டு, ஸ்பெஷலிஸ்ட்டுக்குப் பரிந்துரைக்கும் வழியும் உண்டு. "அங்க கூட்டம்" என்று ஒதுக்கிவிட்டு, கட்டிய பணத்தை அப்படியே விடாதீங்க.

வரி விஷயம். 80டி என்று நாம் பழகிய கழிவில் தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை இடம் உண்டு. அது மொத்த வரம்புக்குள்ளேயே அடங்கும், பழைய வரி முறைக்கு மட்டும். புதிய வரி முறையில் இது கிடையாது. 80டிடிபி-யில் வரும் குறிப்பிட்ட நோய்களில் ஹைப்போ இல்லை, புற்றுநோய் உண்டு. 15,000 ரூபாய் மெடிக்கல் பில் சலுகை 2018-19 நிதியாண்டிலிருந்தே போய்விட்டது. ஆக, டாக்டர் ஃபீஸுக்கு வரியில் பெரிய உதவி வராது. அதை நம்பிச் செலவைக் கூட்டாதீங்க.

அடுத்து இன்சூரன்ஸ். "டாக்டர், சீட்டுல தைராய்டுன்னு எழுதாதீங்க, பாலிசி எடுக்கணும்" என்று கேட்கிறவங்களை எனக்குத் தெரியும். ரொம்பத் தப்பான யோசனை. ஹைப்போ என்று சொன்னால் பெரும்பாலும் பாலிசி கிடைக்கும். காத்திருப்புக் காலமோ கூடுதல் பிரீமியமோ வரலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம் என்று ஐஆர்டிஏஐ 2024-ல் குறைத்துவிட்டது. மறைத்தால், நாளைக்கு வேறு ஏதோ ஆபரேஷனுக்கு க்ளெய்ம் போடும்போது பழைய மருந்துச் சீட்டு வெளியே வரும். நாளுக்கு ரெண்டு ரூபாய் மாத்திரையை மறைத்ததற்கு லட்சக்கணக்கில் இழக்கலாம். ஐந்து வருடம் தொடர்ந்து பாலிசி இருந்தால் மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய கேள்வி கேட்க முடியாது என்ற விதி இருக்கு. அதை நம்பி வேண்டுமென்றே மறைப்பதும் சூதாட்டம்தான். கம்பெனி குரூப் பாலிசி வேலையோடு போய்விடும். சொந்தமாக ஒன்று, உண்மையைச் சொல்லி, சீக்கிரமே எடுத்துடுங்க.

மறைக்கிறதுக்காக டாக்டர் தேடாதீங்க

பணத்தை விட எனக்கு வருத்தமான விஷயம் இது. "பொண்ணுக்கு வரன் பார்க்குறோம், தைராய்டுன்னு வெளியே தெரியக்கூடாது" என்பதற்காகவே தெரிந்தவங்க இல்லாத ஊரில் டாக்டர் தேடும் குடும்பங்கள் நம்ம பக்கம் உண்டு. கல்யாணம் ஆனதும் மாமியார் வீட்டில் மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்கணும். ஒளித்து வைக்கும் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடும் மாத்திரை இல்லை. அடுத்து கர்ப்பம் வரும். மேலே சொன்ன இரண்டாவது கட்டம் அது.

பத்தில் ஒருவருக்கு இருக்கும், நாளுக்கு ஒரு மாத்திரையில் கட்டுக்குள் வரும் விஷயம் இது. சம்பாதிக்கிற பெண்கள் நீங்க. உங்க டாக்டரை நீங்களே தேர்ந்தெடுங்க, ஃபைலை உங்க கையில் வச்சுக்குங்க. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, எப்போது சொல்வது என்பது உங்க முடிவு. ஆனால் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் காரணம் ரகசியமாக இருக்கக் கூடாது.

அதே குடும்பங்களைத்தான் "மூன்றே மாதத்தில் தைராய்டுக்கு நிரந்தரத் தீர்வு" என்ற விளம்பரங்களும் குறி வைக்குது. அயோடின் குறைபாட்டால் கழுத்து வீங்கிய காலம் ஒன்று இருந்தது. இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் தொடங்கிய டாக்டர் வி. ராமலிங்கசுவாமியின் ஆய்வு, அயோடின் உப்பு அதைக் குறைக்கும் என்று காட்டியது. அதன் தொடர்ச்சியாகத்தான் இன்று நம்ம கடையில் அயோடின் உப்பு. அயோடின் போதுமான இடங்களில் ஹைப்போவுக்கு முக்கியக் காரணம் ஹாஷிமோட்டோ, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவது. உப்பை மாற்றியோ பொடி சாப்பிட்டோ அதைத் திருப்ப முடியாது. கழுத்துக் கழலைக்குத் தீர்வு என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டமே தடுக்குது. சட்டம் தடுத்ததைத் தைரியமாக விளம்பரம் செய்கிறவரிடம் உங்க கழுத்தைக் கொடுக்காதீங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்து ஒரு எக்ஸல் ஷீட் போடுங்க: தேதி, லேப், டிஎஸ்ஹெச், டி4, டோஸ், பிராண்ட், டாக்டர். பத்து வரி கூட வராது. அதோடு மேலே உள்ள ஏழு கட்டங்களில் நீங்கள் இருக்கீங்களா என்று பாருங்க. இருந்தால் டி.எம். எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் இன்றைக்கே அப்பாயின்ட்மென்ட். இல்லை என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் பதிவு எண் சரிபார்த்த ஒரு எம்.டி. டாக்டர். அந்த ஷீட்டை பிரின்ட் எடுத்து அவர் மேசையில் வைங்க. யாரிடம் போனாலும் முதல் பத்து நிமிடம் அதில் மிச்சமாகும். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் கேட்க வந்த கேள்வியைக் கேட்டுடலாம்.